முன்பாரம், பின்பாரம்: என் மாமாவின் ஹெரால்டும் நம் வாசல் வேகத்தடையும்



சென்ற மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒரே விஷயத்தைப் பேசினோம். கேட்டுக்குப் பக்கத்தில் போட்ட புது வேகத்தடையில் கார்களின் அடிப்பாகம் தட்டுகிறது. தடையைச் செதுக்கிக் குறைப்பதா, இரு பக்கமும் சரிவாகப் பூசுவதா, செலவை யார் தலையில் போடுவது என்று பேச்சு நீண்டது. அப்போது இரண்டாவது பிளாக் தம்பி ஒருவர் எழுந்து, "அங்கிள், நான் பின்பக்க ஸ்பிரிங்ல ரப்பர் பஃபர் வச்சு ஒன்றரை இஞ்ச் தூக்கிட்டேன். இப்ப தட்டறதே இல்ல. பார்க்கவும் ஜம்முனு இருக்கு" என்றார். நாலைந்து பேர் உடனே கடை எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

நான் அங்கே வாய் திறக்கவில்லை. வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் முப்பத்தேழு வருஷம் உட்கார்ந்தவன். கூட்டத்தில் எழுந்து பேச வராது, எழுத வரும். அதனால் செயலாளரிடம் கேட்டு இந்த இதழில் இடம் வாங்கிக்கொண்டேன். நான் பி.காம். படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிடச் சொன்னவன். அதன் விலையைக் கொடுத்தவர் என் பெரிய மாமா. அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாட்டுவண்டிக்குத் தெரிந்த கணக்கு

காரின் முன்பக்கம் எவ்வளவு உயரம், பின்பக்கம் எவ்வளவு உயரம் என்பது அழகு பற்றிய பேச்சு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள் போன காலத்தைப் பார்த்தவர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். வண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போது "முன்பாரம்", "பின்பாரம்" என்று இரண்டு சொல் சொல்வார். பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, மாட்டுக்கு வண்டி மேல் பிடியே இல்லாமல் போகும். ஏற்றத்தில் வண்டி குடை சாய்ந்த மாதிரி பின்னால் சரியும். அதனால் ஒரு மூட்டையை ஒரு முழம் முன்னால் நகர்த்திப் பார்ப்பார், அரை முழம் பின்னால் தள்ளிப் பார்ப்பார். நுகத்தடி கழுத்தில் லேசாகப் படியும் இடம் வரும்வரை விடமாட்டார். பற்று வரவு இரண்டும் நேராகும்வரை நாங்கள் பேரேட்டை மூடாமல் இருந்த மாதிரிதான்.

காரிலும் இதே கணக்குதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது ஸ்டீயரிங் பிடிக்கும் முன்சக்கரங்கள் இருக்கின்றன. மாடு முரண்டு பண்ணி எச்சரிக்கும். டயர் எச்சரிக்காது.

நம் பக்கத்து ஊரில் பிறந்த கார்

1983இல் மாருதி வரும்வரை இந்தியாவில் கார் என்றால் மூன்று பெயர்கள்தான். கல்கத்தாவிலிருந்து அம்பாசடர், பம்பாயிலிருந்து ஃபியட், மூன்றாவதாக நம் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்ட். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959 ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டிதான் அது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. 948 சிசி எஞ்சின். அம்பாசடர் ஒரு குண்டு வாத்தியார் மாதிரி நின்றால், ஹெரால்டு காலேஜ் பையன் மாதிரி நிற்கும். முன்பக்க பானெட் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழ்ந்து திறக்கும். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும். புதுச்சேரியின் குறுகிய தெருக்களுக்கு அது பெரிய சௌகரியம்.

அந்தக் கார் ஏன் அப்படி அமைந்தது என்பதற்கும் ஒரு வியாபாரக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஒரே துண்டாகப் பாடி செய்துதர ஆள் இல்லை. எனவே தனிச் சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் பல இடங்களில் செய்த தகடுகளைப் போல்ட் போட்டுப் பூட்டும்படி வடிவமைத்தார்கள். பின்சக்கரங்களுக்கு ஒரு தனி வசதியும் கொடுத்தார்கள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் இரண்டு பின்சக்கரங்களும் ஒரே கட்டை ஆக்சிலில் மாட்டியிருக்கும். ஹெரால்டில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். நடுவில் டிஃபரன்ஷியல் பெட்டி சட்டத்தோடு அசையாமல் நிற்கும். அதன் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு தண்டுகள் பறவையின் சிறகு மாதிரி விரிந்திருக்கும். அவற்றின் மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஊஞ்சல் ஆக்சில் என்று சொல்லலாம். பள்ளத்தில் இறங்கினால் ஒரு சிறகு மட்டும் ஆடும், இன்னொன்று சும்மா இருக்கும். பயணம் மெத்தென்று இருக்கும்.

மாமாவின் கார்

என் பெரிய மாமா நம் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1970களின் கடைசியில் ஒரு பழைய ஹெரால்டை வாங்கினார். வீட்டார் பயணம் போக வாங்கினாலும், வாரத்தில் நாலு நாள் அது கடைக்குத்தான் உழைத்தது. டிக்கியில் வெல்லச் சிப்பம், பின்சீட்டில் பருப்பு மூட்டை. சில வருஷத்தில் அந்தப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்து, காரின் பின்பக்கம் படிந்துவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் மேலே உள்பக்கம் சாய்ந்து, கீழே அகன்று, பாரம் தூக்கும் மல்லன் காலை அகட்டி நிற்பது மாதிரி நிற்கும். பார்க்கக் கண்ராவியாக இருக்கும். ஆனால் நாலு வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்த வண்டி ஒரு தடவைகூட வழுக்கியதில்லை.

1983இல் என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு மாமாவின் கார்தான். வங்கியில் புதிதாகச் சேர்ந்த மிதப்பில் இருந்த நான், "மாமா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி வண்டி இப்படி உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? பின்னால தூக்கிவிடச் சொல்லுங்க" என்றேன். மாமாவுக்கு என் பேச்சு என்றால் உசத்தி. மறுநாளே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் பழைய பட்டைகளைச் சுத்தியலால் அடித்து வளைவேற்றி, கூடுதலாக ஒரு பட்டையும் சேர்த்துப் பூட்டினார். வண்டி திரும்பி வந்தபோது பின்பக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டு, பாயப் போகிற காளை மாதிரி நின்றது. "பந்தயக் கார் மாதிரி இருக்கு மாப்ளே!" என்று மாமா சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. கல்யாணப் படத்திலும் அந்தக் கார் இருக்கிறது.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம். ஐப்பசி மழை. நானும் மாமாவும் மட்டும் கடலூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். டிக்கியில் எதுவும் இல்லை. கிருமாம்பாக்கம் பக்கம் ஒரு வளைவு. வேகம் ஐம்பதுக்கு மேல் இல்லை. முள்ளை நானே பார்த்தேன். வளைவின் நடுவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மாமா பிரேக்கைக்கூட அழுத்தவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், அவ்வளவுதான். பின்பக்கம் யாரோ கையால் தள்ளிவிட்டது மாதிரி ஒதுங்கியது. கார் அரை வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்தபடி நெல்வயலில் இறங்கியது. எனக்குச் சிராய்ப்பு. மாமாவுக்கு வலது தோள்பட்டையில் எலும்பு முறிவு.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கார்." அத்தை சாவியை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார். மாமா காரை வந்த விலைக்கு விற்றார். மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. 1998இல் இறக்கும்வரை, "என் கைதான் தப்பு பண்ணிடுச்சு மாப்ளே" என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சக்கரம் ஏன் மடங்கியது?

ஓய்வு பெற்ற பிறகு, கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பழைய கார்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஊஞ்சல் ஆக்சிலின் குணம் எனக்குப் பிடிபட்டது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு திறந்த புத்தகத்தை முதுகு மேலே இருக்கும்படி மேசைமேல் கூரை போலக் கவிழ்த்து வையுங்கள். முதுகுதான் டிஃபரன்ஷியல், இரு அட்டைகளும் இரு தண்டுகள், அட்டை நுனிகளில் சக்கரங்கள். முதுகை மேலே தூக்கினால் நுனிகள் உள்ளே வரும், அட்டைகள் செங்குத்தாகும். காரில் சக்கரம் தண்டோடு செங்கோணத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. தண்டு கீழ்நோக்கிச் சாய்ந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். அதாவது காரின் பின்பக்கம் உயர உயர, டயர் தன் முழு அகலத்தில் தரையைப் பிடிக்காமல் வெளிஓரத்தில் மட்டும் நிற்கும்.

வளைவில் திரும்பும்போது என்ன ஆகும்? வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளும். தண்டு ஏற்கெனவே கீழே சாய்ந்திருந்தால், அந்தத் தள்ளல் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்ட மாதிரி மேலே தூக்கும். தூக்கினால் சக்கரம் இன்னும் மடங்கும். மடங்கினால் பிடி இன்னும் குறையும். அந்த நேரத்தில் ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் போய், பின்பக்கம் மேலும் எழும்பும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி மாதிரி ஒன்று இன்னொன்றை வளர்த்து, கண் இமைக்கும் நேரத்தில் கணக்கு திவாலாகிவிடும்.

இப்போது மாமாவின் காரைப் பாருங்கள். பின்பக்கம் படிந்து, பார்க்க அசிங்கமாக இருந்தபோது சக்கரங்கள் காலை அகட்டி நின்றன. டயர் உள்ஓரம் சீக்கிரம் தேய்ந்திருக்கும், ஆனால் வளைவில் பிடி இருந்தது. அழகாகத் தூக்கி நிறுத்தியபோது சக்கரங்கள் மடங்கும் நிலைக்கு வந்துவிட்டன. அன்று பாரமும் இல்லை, சாலையும் ஈரம். ஆட்டைப் பார்த்துக் காலை எடுத்தது எந்த நல்ல டிரைவரும் செய்கிற காரியம். மாமாவின் கை தப்பு செய்யவில்லை. தப்பு என் யோசனையில் இருந்தது. கம்பெனி வைத்துக் கொடுத்த உயரத்தை நாங்கள்தான் மாற்றினோம்.

இது ஏதோ ஒரு வண்டியின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தில் செவ்ரலே கோர்வேர் காரின் ஊஞ்சல் ஆக்சிலைக் கடுமையாகச் சாடினார். கார் பாதுகாப்பு என்பது அந்நாட்டு அரசியலில் பெரிய விஷயமாக அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் தன் ஸ்பிட்ஃபயர் காரின் பின் ஸ்பிரிங்கை 1970இல் மாற்றியமைத்து இந்தக் குணத்தை அடக்கியது. நம் சென்னைக் கம்பெனி இன்னும் நேரான வழியை எடுத்தது. 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக ஸ்டாண்டர்ட் கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தபோது, ஊஞ்சல் ஆக்சிலையே எடுத்துவிட்டு, அம்பாசடர் மாதிரி கட்டை ஆக்சில் போட்டார்கள். நம் நாட்டு உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அந்தத் தனிச் சிறகு ஒத்துவரவில்லை என்பதே காரணம். கட்டை ஆக்சிலில் பின்பக்கத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் இரு சக்கரங்களும் தரைக்கு நேராகவே நிற்கும். மெத்தென்ற பயணம் கொஞ்சம் போனது, நிம்மதி வந்தது.

அழகைக் கெடுத்த உயரம்

அதே கம்பெனி இன்னொரு பாடத்தையும் விட்டுப்போயிருக்கிறது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். அதன் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வடிவம். தரையை ஒட்டிப் பதுங்கிய புலி மாதிரி இருக்கும். இங்கே நம் சாலைகளுக்காக அதைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சின். பதுங்கிய புலி, முட்டிவரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பவர் மாதிரி ஆகிவிட்டது. விலை அதிகம், பெட்ரோல் குடிப்பதும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றது. கம்பெனியும் அத்தோடு முடிந்தது. உயரம் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கார் நிற்கும் நிலை அதன் முகத்தையே மாற்றிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை.

நம் பழைய ஆட்சியாளர்கள் கண்ட வழி

புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இதில் இன்னொரு சுவையான கிளைக்கதை உண்டு. ஏற்றம் இறக்கம் இல்லாமல் காரை எப்போதும் ஒரே மட்டத்தில் நிறுத்த முடியுமா என்று அதிகம் யோசித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1948இல் பாரிசில் காட்டிய சித்ரோவன் 2சிவி காரை விவசாயிகளுக்காகச் செய்தார்கள். உழுத வயலில் கூடை முட்டையோடு போனாலும் ஒன்றுகூட உடையக் கூடாது என்பது அதற்கு வைத்த நிபந்தனை. அவ்வளவு மெத்தையான ஸ்பிரிங் என்பதால், பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். ஆகவே ஹெட்லைட்டைத் தாழ்த்த உள்ளேயே ஒரு திருகு வைத்தார்கள்.

1954இல் அதே கம்பெனி தன் பெரிய கார் ஒன்றின் பின்சக்கரங்களுக்கு மட்டும் புது ஏற்பாடு செய்தது. ஸ்பிரிங்குக்குப் பதில், உருண்டைக் கலத்துக்குள் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், ஒரு வால்வு திறந்து எண்ணெயை உள்ளே அனுப்பிப் பழைய உயரத்துக்குத் தூக்கிவிடும். பால் மாழெஸ் என்ற பொறியாளரின் வேலை அது. அதே 1954 நவம்பர் 1இல்தான் பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் கார் சமநிலை கற்றுக்கொண்ட வருஷத்தில் நாம் விடைகொடுத்தோம். 1955 அக்டோபரில் நான்கு சக்கரங்களுக்கும் இந்த ஏற்பாட்டோடு டி.எஸ். என்ற கார் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. எஞ்சினை நிறுத்தினால் மெல்லப் படுத்துக்கொள்ளும், போட்டால் எழுந்து நிற்கும்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. சரியாக ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22இல், பாரிஸ் அருகே பெத்தி கிளமார் என்ற இடத்தில் பிரான்ஸ் அதிபர் தெ கோல் போன டி.எஸ். கார்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் கிழிந்த நிலையிலும் டிரைவர் வண்டியை நிலைதவறாமல் ஓட்டிப்போய் அவரைக் காப்பாற்றினார். இன்றைக்கு அதே சித்ரோவன் பெயரில் கார்கள் நம் திருவள்ளூரில் தயாராகின்றன. ஆனால் அந்த எண்ணெய் உருண்டைகள் அவற்றில் இல்லை. சாதாரண ஸ்பிரிங்தான்.

"அப்படியானால் பந்தயக் கார்கள் பின்னால் தூக்கி இருக்கின்றனவே?" என்று நம் தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டில்லி அருகே புத் சர்க்யூட்டில் 2011, 2012, 2013 மூன்று வருஷமும் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்த ரெட்புல் காரும் மூக்கைத் தாழ்த்தி, வாலைத் தூக்கித்தான் நின்றது. அங்கே அதற்குக் காரணம் காற்று. முன் இறக்கை தரையை நெருங்கும், காரின் அடித்தளம் பின்னால் விரியும். அடியில் ஓடும் காற்று வேகமெடுத்து, அழுத்தம் குறைந்து, கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மணிக்கு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பலிக்கிற வித்தை அது. கடலூர் ரோட்டில் அறுபதில் போகும் நம் கார்களுக்கு அந்தக் காற்று வேலை செய்யாது. தோற்றம் மட்டும்தான் மிச்சம்.

உங்கள் காருக்கு என்ன கணக்கு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கார்களில் ஊஞ்சல் ஆக்சில் இல்லை. ஒன்றரை இஞ்ச் தூக்கியதால் உங்கள் கார் மாமாவின் ஹெரால்டு மாதிரி சுற்றிவிடாது. பயப்பட வேண்டாம். ஆனால் உயரத்தை மாற்றினால் வேறு மூன்று இடங்களில் கணக்கு இடிக்கும்.

ஒன்று, ஹெட்லைட். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 5 செ.மீ. படிந்தால், நூற்றுக்கு இரண்டு பங்கு சரிவு. ஹெட்லைட் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்து, நூற்றுக்கு ஒரு பங்கு கீழ்நோக்கி ஒளி விடுகிறது என்றால், 50 மீட்டர் தூரத்தில் அந்த ஒளி 15 செ.மீ. உயரத்தில், தரையை ஒட்டி விழும். பின்பக்கம் படிந்ததும் அதே ஒளி 115 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். எதிரே காரில் வருபவரின் கண் இருக்கும் உயரமே அதுதான். சிங்கிரிகுடி கோவிலுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பும்போது எதிர்வண்டிக்காரர் ஏன் விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார் என்று இப்போது தெரிகிறதா? ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்ன உருளை பல கார்களில் இருக்கும். அது இதற்குத்தான். பாரம் ஏறினால் எண்ணைக் கூட்டுங்கள், இறங்கியதும் 0க்குக் கொண்டுவாருங்கள். மாறாக, பின்பக்கத்தைத் தூக்கினால் ஒளி காலடியிலேயே விழுந்து, நீங்கள் தூரத்துப் பள்ளத்தைப் பார்க்கமாட்டீர்கள்.

இரண்டு, பிரேக். பழைய கார்கள் சிலவற்றிலும் வேன்களிலும் பின்பக்க உயரத்தை வைத்துப் பாரத்தை அளந்து, பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் தரலாம் என்று முடிவு செய்யும் ஒரு வால்வு உண்டு. பஃபர் வைத்துத் தூக்கிவிட்டால், ஆறு பேர் ஏறினாலும் "வண்டி காலி" என்றே அது நினைத்துக்கொள்ளும். பொய்க் கணக்கு காட்டிய கிளைக்கு ஹெட் ஆபீஸ் பணம் அனுப்பாதது மாதிரி, பின்சக்கரத்துக்குப் பிரேக் போதாது.

மூன்று, ஸ்டீயரிங். பின்பக்கம் உயர்ந்தால் முன்சக்கரங்கள் பூட்டிய கோணம் சற்று மாறி, திருப்பிய ஸ்டீயரிங் தானே நேராகத் திரும்பும் குணம் குறையும். பின்பக்கம் படிந்தால் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் மிதப்பது போலத் தோன்றும். இரண்டும் சின்ன மாற்றம்தான். ஆனால் மழையில், வளைவில், ஒரு ஆடு குறுக்கே வரும்போதுதான் அந்தச் சின்ன மாற்றம் கணக்குக் கேட்கும்.

புதுக் கார் காலியாக நிற்கும்போது பின்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தே இருந்தால் கவலைப்படாதீர்கள். பாரம் ஏறப்போவது பின்னால்தான் என்று தெரிந்தே கம்பெனி அப்படி வைக்கிறது. காலியாக நிற்கும் டாடா ஏஸைப் பாருங்கள், புரியும். வாங்கிய புதிதில் இருந்ததைவிடப் பின்பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு டேப் போதும். நம் பேஸ்மென்டின் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். வருஷம் ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதே அளவு புது ஸ்பிரிங் போடுவதுதான் மருந்து. பஃபர் வைப்பது, வராக்கடனைப் புதுக் கடன் கொடுத்து மறைப்பது மாதிரி. பாரம் ஏற்றிப் போகும் நாளில் டயர் காற்றையும் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேகத்தடைக்கு வருகிறேன். அது சரியாகப் போடப்படவில்லை. செங்குத்தாக எழும்பிச் செங்குத்தாக இறங்குகிறது. நாற்பது குடும்பங்கள் தங்கள் கார்களின் உயரத்தை மாற்றுவதைவிட, சங்கம் ஒரு தடையின் சரிவை மாற்றுவது மலிவு, பத்திரமும்கூட. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவில் என் பங்கு ஆயிரம் ரூபாயையும் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். இரண்டாவது பிளாக் தம்பியிடம் நேரில் போய்ப் பேசினேன். கல்யாண ஆல்பத்தைக் காட்டி, மாமாவின் காரைப் பற்றிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பஃபரைக் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. போன வாரம் அவரிடமும் போய், அன்றைக்கு மாமா ஒழுங்காகத்தான் ஓட்டினார், தூக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் இருந்தப்போ சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டில் காரின் பின்பக்கம் படிந்திருந்தால், அது அசிங்கமாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், தூக்கச் சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் அது ஏன் படிந்திருக்கிறது என்று கேளுங்கள்.